பைல்களுக்கு பேக் அப் எடுப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைச் சந்தித்தால், “பேக் அப் எடுத்திருக்கிறீர்களா?” என்று கேட்பது என் வழக்கம். “ஓ! எல்லாவற்றையும் டி டிரைவிலும் காப்பி செய்து வைத்திருக்கிறேன்” என்பார்கள் பலர். இது பேக் அப் ஆகாது. சி, டி என இரண்டு டிரைவ்கள் திரையில் தெரிந்தாலும், பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான். அதையே இரண்டு பார்ட்டிஷன்களாகப் பிரித்திருப்பார்கள். டிஸ்க் கெட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் ஆபத்து உண்டு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை வைரஸ், சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. பைல்களைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. இத்தனைக்கும், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இணைப்பில் இருந்த வெளி டிரைவ்களில் உள்ள பைல்களையும் அந்த வைரஸ் விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எனவே நான் பரிந்துரைப்பது 3-2-1 என்னும் விதி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் இதைப் பிரபலமாக்கினார். பைலுக்கு மொத்தம் 3 பிரதிகள் இருக்க வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் 1 பிரதி வீட்டிற்கு வெளியே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுட் சேவையில் ஒன்று என வைத்தால் போதும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கு பைல் ஹிஸ்டரி என்ற வசதி உள்ளது.

1. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை யு.எஸ்.பி. போர்ட்டில் இணைக்கவும்.
2. கண்ட்ரோல் பேனல் சென்று, சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி பிரிவில் பைல் ஹிஸ்டரி என்பதைக் கிளிக் செய்திடவும்.
3. டர்ன் ஆன் என்பதை அழுத்தவும். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை காப்பியாகும்.
4. காப்பியாகி முடிந்ததும் சேஃப்லி ரிமூவ் கொடுத்து டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடவும்.
5. வாரம் ஒருமுறை இணைத்து, ரன் நவ் கொடுக்கவும்.

நான்காவது படிதான் முக்கியம். கழற்றி வைத்த டிஸ்க்கை வைரஸ் நெருங்க முடியாது.

கிளவுட் மட்டுமே போதாதா என்று கேட்கலாம். கம்ப்யூட்டருடன் சிங்க் ஆகும் போல்டரில் நீங்கள் ஒரு பைலை அழித்தால், அங்கேயும் அது அழிந்துவிடும். ரீசைக்கிள் பின்னில் சில நாட்கள்தான் தங்கும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மாதம் ஒருமுறை ரிஸ்டோர் பெர்சனல் பைல்ஸ் மூலம் ஏதாவது ஒரு போட்டோவை மீட்டு, திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக் அப். கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வாங்கலாம். உங்கள் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்களேன்!