கோபுரம் காட்டும் இடம்

நுழையும்முன்

பையில் ஒலியின்றிக் கிடக்கும் கைப்பேசியும் அருகிலுள்ள கோபுரத்தோடு அவ்வப்போது தொடர்புகொள்கிறது. அத்தொடர்பைக் கொண்டு அதன் இருப்பிடத்தைக் கணிக்க இயலும். கணிக்கும் முறையையும் அதனை நம்பத்தகும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

கண்ணறைகள்

கைப்பேசி வலையமைப்பு நிலப்பரப்பைச் சிறுசிறு கண்ணறைகளாகப் பகுத்துக்கொண்டு இயங்குகிறது. பெரும்பாலான கோபுரங்களில் மூன்று திசைகளை நோக்கி ஆண்டெனாக்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 120 பாகை அளவுள்ள பகுதி ஒரு கண்ணறையாகும். அதற்கெனத் தனி அடையாள எண் உண்டு. அவ்வெண்ணை அறிந்தால், கோபுரத்தின் எப்பக்கத்தில் கைப்பேசி உள்ளது என்பது புலனாகும். நகரங்களில் கண்ணறை சில நூறு மீட்டருக்குள் அடங்கும். ஊர்ப்புறங்களில் பல கிலோமீட்டர் விரியும். எனவே, கணிப்பின் துல்லியமும் இடத்திற்கு இடம் வேறுபடும்.

தொலைவை அளத்தல்

வானொலி அலை நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டரைக் கடக்கும். கோபுரத்திற்கும் கைப்பேசிக்கும் இடையே அலை சென்று மீளும் காலத்திலிருந்து தொலைவு கணக்கிடப்படுகிறது. இரண்டாம் தலைமுறை ஜி.எஸ்.எம். முறையில் இவ்வளவீட்டின் ஒரு படி ஏறத்தாழ 550 மீட்டர். ஆகவே, ஒரு கோபுரம் காட்டுவது ஒரு பரப்பையேயன்றிப் புள்ளியை அன்று. மூன்று கோபுரங்களிலிருந்து தொலைவை அளந்தால் அப்பரப்பு சுருங்கும்.

இதிலும் பிழை நேரலாம். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலை நெடுவழியில் வருவதால், கைப்பேசி உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். அருகிலுள்ள கோபுரத்தில் நெரிசல் மிகுந்தால், கைப்பேசி வேறொரு கோபுரத்தோடு இணைவதும் உண்டு.

கணிப்பும் நீதியும்

விபத்தில் சிக்கி, தாம் இருக்குமிடத்தைச் சொல்ல இயலாதவரைத் தேடிச் செல்ல இக்கணிப்பு வழிகாட்டும். அதுவே குற்ற வழக்கில் சான்றாகும்போது மிகுந்த கவனம் தேவை. டென்மார்க்கில் காவல்துறை பயன்படுத்திய கைப்பேசித் தரவுகளில் பிழைகள் இருந்தமை 2019ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. தரவுகளை மாற்றியமைத்த மென்பொருள் சில விவரங்களை விட்டுவிட்டது. சில கைப்பேசிகள் தவறான கோபுரங்களோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தன. அந்நாட்டின் தலைமை அரசு வழக்குரைஞர், இத்தரவுகளை நீதிமன்றங்களில் சான்றாகப் பயன்படுத்துவதை இரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைத்தார். 10,000க்கும் மேற்பட்ட வழக்குகள் மறுஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. காவலில் இருந்தோர் சிலர் விடுவிக்கப்பட்டனர்.

கருவி தரும் எண்ணுக்குப் பின்னே ஒரு மனிதரின் விடுதலை இருக்கிறது. ‘இங்கே இருந்தார்’ என்பதற்கும் ‘இப்பரப்பில் எங்கோ இருந்திருக்கலாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதே அறிவியல் மனப்பான்மையாகும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் கார்ப்பென்டர் என்பவர் மீதான வழக்கில், 127 நாள்களுக்குரிய 12,898 இடக்குறிப்புகள் திரட்டப்பட்டன. இத்தகைய பதிவுகளைப் பெறக் காவல்துறைக்குப் பொதுவாக நீதிமன்றத்தின் தேடுதல் ஆணை (வாரண்ட்) தேவை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

சிந்தனை வினாக்கள்

1. நகரத்தைவிட ஊர்ப்புறத்தில் இருப்பிடக் கணிப்பின் துல்லியம் குறைவது ஏன்?
2. கைப்பேசித் தரவை மட்டும் சான்றாகக் கொண்டு ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்மானிக்கலாமா? காரணங்களுடன் விளக்குக.