பாலக் கணிப்பில் 'தடம்'

நெடுஞ்சாலையில் வெள்ளைக்கோட்டால் பிரிக்கப்பட்ட பகுதியை நம் மக்கள் 'வழி' என்கின்றனர். 'நான்கு வழிச்சாலை' என்பது நாளிதழ்களின் வாயிலாக நிலைபெற்றுவிட்ட தொடர். பாலத்தின் வலிமையைக் கணினியில் கணிக்கும் பொறியியல் மாணவரும் பாலத்தின்மீது வழிகளை வரையறுக்கவே வேண்டியுள்ளது. ஆனால் அவர் வரையறுப்பது வண்ணம் பூசிய வழியன்று. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால் மயக்கம் நேர்கிறது. தமிழில் நாம் சாலையில் காண்பதை 'வழி' என்றும், கணிப்பிற்குரியதைத் 'தடம்' என்றும் பிரித்து வழங்கலாம். தடம் என்பது சென்றதன் சுவடு. சக்கரம் எங்கே அழுத்துகிறது என்பதே கணிப்பாளர்க்கு வேண்டிய செய்தியாதலின் இச்சொல் பொருந்துவதாகும்.

மயிற்பீலியையும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது நாமறிந்த வள்ளுவர் உவமை. அது பாரத்தின் அளவு பற்றியது. பாலத்திற்கோ பாரம் எவ்வளவு என்பதோடு, எங்கே நிற்கிறது என்பதும் ஒக்க இன்றியமையாதது.

வாகனம் நகர்ந்துகொண்டே இருப்பதால் பாலத்தின் ஒவ்வோர் உறுப்பும் படும் பாடு நொடிக்கு நொடி மாறும். ஓரிடத்தில் நிற்கும் ஓரலகுப் பாரம், குறிப்பிட்ட உறுப்பில் விளைக்கும் தாக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் முறையை 1867ஆம் ஆண்டில் எமில் விங்கிளர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் வழங்கினார். இன்றைய மென்பொருள் வாகனத்தைத் தடத்தின் நீளவாக்கில் சிறுசிறு எட்டாக நகர்த்தி, மிகக் கொடிய நிலையைத் தானே கண்டறிகிறது. அகலவாக்கிலோ நிலைமை வேறு. தடத்தின் அகலத்திற்குள் சக்கரத்தை இடம் மாற்றிப் பார்க்கும் மென்பொருள்கள் உண்டு. நாம் தந்த தடத்தைத் தாண்டி எதுவும் செல்லாது. தவறான தடத்தைத் தந்தாலும் பிழையென்று சொல்லாமல் விடையை அச்சிட்டுத் தந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வண்டிப்பாதை 7.5 மீட்டர் அகலமுள்ள பாலம், 2.5 மீட்டர் இடைவெளியில் மூன்று உத்தரங்கள். 1934ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிநூல், இவ்வகலத்திற்கு 'ஏ' வகுப்பு வாகனத் தொடர் இரண்டை ஏற்றச் சொல்கிறது. ஒவ்வொன்றும் எட்டு அச்சுகளில் 55.4 டன் எடையுடையது. சக்கரத்தின் வெளிவிளிம்பு ஓரக்கல்லிலிருந்து 15 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். வாகனத்தின் அகலம் 2.3 மீட்டராதலின், முதல் தொடரின் நடுக்கோடு ஓரக்கல்லிலிருந்து 1.3 மீட்டரில் அமையும். இரு தொடர்களுக்கும் இடையே விதி வேண்டும் 1.2 மீட்டர் இடைவெளியை விட்டால் இரண்டாவதன் நடுக்கோடு 4.8 மீட்டரில் விழும். பாலத்தின் மையமோ 3.75 மீட்டரில் உள்ளது. எனவே இரண்டும் சேர்ந்த பாரம் மையத்திலிருந்து 0.7 மீட்டர் விலகி நிற்கிறது.

இனி, மாணவர் வண்ணக்கோட்டை நம்பி, 3.75 மீட்டர் அகலமுள்ள இரு வழிகளின் நடுவிலும் வாகனத்தை நிறுத்தினார் என்க. விலகல் சுழியாகிவிடும், மூன்று உத்தரங்களும் பாரத்தைச் சமமாகப் பகிர்வதாகக் கணக்கு வரும். குறுக்கு உத்தரங்கள் வளையாதவை எனக் கொள்ளும் கூர்பன் முறையில் நாம் கையாலேயே கணித்தால், அந்த 0.7 மீட்டர் விலகலுக்கு ஓர உத்தரம் தாங்குவது சமபங்கைவிட 42 விழுக்காடு மிகுதி! இரண்டு கணக்கிலும் வாகனம் ஒன்றே, எடை ஒன்றே. இடம் மட்டுமே வேறு.

'70ஆர்' எனப்படும் 70 டன் சங்கிலிச் சக்கர வாகனத்திற்கு ஓரக்கல்லிலிருந்து 1.2 மீட்டர் விடவேண்டும். அகலம் 2.9 மீட்டராதலின் விலகல் 1.1 மீட்டர். இதுவும் தனித்தடமாகத் தரப்படவேண்டியதே. 'ஏ' வகுப்பிற்கு அமைத்த தடத்தில் இதனை ஓட்டலாகாது.

ஐரோப்பிய விதிநூல் இக்கருத்தை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. வண்டிப்பாதை மூன்று மீட்டர்க் கற்பனைத் தடங்களாகப் பகுக்கப்படுகிறது. ஆராயப்படும் உறுப்பிற்கு எங்கே மிகுந்த தீங்கு விளையுமோ அங்கே உள்ளதே முதல் தடம். உறுப்பு மாறினால் முதல் தடமும் இடம் மாறும்.

மென்பொருளில் தடத்தின் இடத்தை ஆதாரக்கோட்டிலிருந்து விலகலாகத் தருகிறோம். கூட்டல் குறி வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை அந்தந்த மென்பொருளின் கையேட்டில் பார்த்துக்கொள்ளவேண்டும். வளைந்த பாலமாயின் குறி மாறினால் பாரம் உள்வளைவிலிருந்து வெளிவளைவிற்குப் போய்விடும். ஆகவே கணிப்பை ஓட்டுமுன் ஒரே ஒரு வாகனத்தை ஓரத் தடத்தில் நிறுத்தி, அப்பக்கத்து உத்தரந்தான் மிகுதியாகத் தாழ்கிறதா என்று படத்தில் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிட வேலைதான்.