பட்டையா, வட்டமா, நிலப்படமா: தரவுக்கு வடிவம் தேர்ந்தெடுத்தல்

தரவைப் படமாக்க முனைவோர் எந்த வடிவம் அழகாயிருக்கும் என்று கேட்பதற்கு முன், பார்ப்பவரின் கண் அப்படத்தில் எதை எதனோடு ஒப்பிட வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொண்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும். வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்னும் புள்ளியியலாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவுகோலின்மீது வைக்கப்பட்ட புள்ளிகளின் இடத்தைக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது என்றும், நீளம், கோணம், பரப்பு, நிறத்தின் அடர்த்தி எனச் செல்லச் செல்ல அத்துல்லியம் தேய்கிறது என்றும் காட்டிற்று.

பட்டை வரைபடமும் வட்ட விளக்கப்படமும் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் நூல்கள் வழியாகவே பரவின. முன்னது 1786இலும் பின்னது 1801இலும் அச்சேறியது. வட்டத்தில் கண் கோணத்தை அளக்க வேண்டியிருப்பதால், பங்குகள் இரண்டோ மூன்றோ இருந்து அவற்றுள் ஒன்று பாதியையோ காலையோ ஒட்டி வரும்போது மட்டுமே அது பயன்படும். ஏழெட்டுப் பங்குகள் ஏறக்குறைய சமமாக இருந்தால் பட்டையே தகும். முப்பரிமாணத்தில் சாய்த்து வரையப்படும் வட்டம் எந்தக் கேள்விக்கும் விடையன்று. பட்டை நீளத்தால் பேசுவதால் அதன் அடி பூச்சியத்தில் ஊன்றியிருக்க வேண்டும். அளவுகோலை 48இல் தொடங்கினால் 50க்கும் 52க்கும் உள்ள சிறு வேறுபாடு ஒன்றுக்கு இரண்டாகத் தோன்றும். சரிவால் பேசும் கோட்டு வரைபடத்துக்கு இக்கட்டாயம் இல்லை. ஆனால் காலம் போன்ற தொடர்ச்சி இல்லாத இடத்தில், எடுத்துக்காட்டாக மாவட்டங்களுக்கிடையே, கோடு இழுப்பது இல்லாத உறவை இருப்பதாகக் காட்டும்.

நிலப்படம்தான் மிகுதியாக ஏமாற்றுவது. பரப்பளவில் இந்தியாவின் மிகப்பெரிய மக்களவைத் தொகுதியான லடாக்கில் வாக்காளர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. சென்னையின் மூன்று தொகுதிகளோ நாட்டுப் படத்தில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். வென்ற கட்சியின் நிறத்தைத் தொகுதிதோறும் பூசும்போது கண் இடங்களை எண்ணுவதில்லை, நிலத்தை அளக்கிறது. இதற்கு மாற்றாக 543 தொகுதிகளையும் சம அளவுள்ள அறுகோணங்களாக அடுக்கும் உருமாற்ற நிலப்படம், அதாவது பரப்பை நிலத்துக்கன்றி எண்ணிக்கைக்கு ஏற்ப அமைக்கும் படம், நிலத்தின் மிகையை நீக்கிவிடுகிறது; ஆனால் நாட்டின் உருவம் சிதைவதால் வாசகர் தம் தொகுதியைத் தேடி அலைய நேர்கிறது. யாருக்கு எத்தனை இடங்கள் என்பது மட்டுமே கேள்வியானால் இரண்டையும் விடச் சில பட்டைகள் மேல். எந்த வட்டாரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது கேள்வியானால்தான் நிலப்படத்துக்கு வேலை உண்டு. லண்டனின் சோஹோ பகுதியில் 1854இல் பரவிய காலராவால் நேர்ந்த சாவுகளை மருத்துவர் ஜான் ஸ்னோ வீடுவாரியாக நிலப்படத்தில் குறித்தது சரியான தேர்வாக அமைந்ததற்குக் காரணம், அங்கே இருப்பிடமே சான்றாக இருந்ததுதான். அதே எண்களைத் தெருவாரிப் பட்டைகளாக்கியிருந்தால், அங்கே பிராட் தெருவில் இருந்த குடிநீர்க் குழாயைச் சுற்றிச் சாவுகள் குவிந்திருந்தது கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

இரண்டு அளவுகளுக்கிடையிலான உறவை அறியச் சிதறல் வரைபடம் போதும். சராசரியும் ஒட்டுறவுக் கெழுவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் நான்கு தரவுத் தொகுதிகள், புள்ளியிட்டுப் பார்த்தால் முற்றிலும் வேறு வேறு வடிவங்களைக் கொள்வதை புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் அன்ஸ்கோம்ப் 1973இல் எடுத்துக்காட்டினார்.

புதுமையான வடிவங்கள் துல்லியத்தை விலையாகக் கொடுத்தே கவனத்தை வாங்குகின்றன. கிரிமியப் போரில் காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே பெரும்பாலான படைவீரர்களைக் கொன்றன என்பதை செவிலியர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் மாதத்துக்கு ஓர் ஆப்பாக விரியும் வட்டமாக வரைந்தார். எண்ணிக்கை ஆப்பின் பரப்பில் பொதிந்திருப்பதால் அதைச் சரியாகப் படிப்பது கடினம், எனினும் அதிகாரத்தில் இருந்தோரை அசைப்பதே நோக்கமாயிருந்த இடத்தில் அவ்விலை தகும். புவி வெப்பமாதலைக் காட்டக் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் உருவாக்கிய வெப்பப் பட்டைகள் இன்னும் துணிந்து, அச்சும் எண்ணும் இன்றி ஆண்டுக்கு ஒரு நிறக்கோட்டை மட்டும் நிறுத்தி நீலத்திலிருந்து சிவப்புக்கு நகர்கின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆண்கள் கணிசமாக இருப்பதால் அந்த நிற இணையைத் தவிர்த்ததும் நல்ல தேர்வே. வெப்பம் எத்தனை பாகை உயர்ந்தது என்று கேட்பவருக்கு இப்பட்டைகள் உதவா. அவருக்கு அதே தரவின் கோட்டு வரைபடத்தைத்தான் கொடுக்க வேண்டும்.