பார்த்ததைச் சொன்னால் ஆபத்தா?

கேள்வி: தோட்டத்தை விற்ற பிறகு பக்கத்துத் தாமானில் குடியிருக்கிறோம். எதிர்வீட்டுப் பையனைச் சிலர் பாராங்கால் வெட்டியதை நேரில் பார்த்தேன். போலீஸ் என்னிடம் வாக்குமூலம் கேட்கிறது. இதற்குள் ஒருவன் மோட்டாரில் வந்து, "சாட்சி சொன்னா உன்னையும் வெட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு மலாய் சரளமாக வராது. கோயில் கமிட்டியில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள் பெரியவர்கள். நான் ஒதுங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அந்த மிரட்டலைப் பார்ப்போம், அம்மா. அதுவே தனிக் குற்றம். கொல்வதாகவோ கொடுங்காயம் செய்வதாகவோ மிரட்டினால், தண்டனைச் சட்டம் 506ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. இன்றே தனி ரிப்போர்ட் செய்யுங்கள். எந்தப் போலீஸ் நிலையத்திலும் செய்யலாம். உள்ளூர் நிலையத்தில் யாராவது பார்ப்பார்கள் என்று தயங்கினால் ஈப்போவுக்கு வந்து செய்யுங்கள். அவன் சொன்ன வார்த்தைகள் அப்படியே இருக்கட்டும். நாள், நேரம், தெரிந்தால் மோட்டார் எண்ணும் வேண்டும். நகலை வெட்டு வழக்கின் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். வெட்டியவர்களுக்கு ஜாமீன் கேட்கும்போது அரசு வழக்கறிஞர் எதிர்ப்பதற்கு அது கைகொடுக்கும். ஒன்றை மறைக்க மாட்டேன்: மிரட்டியவன்மீது வழக்கு நடந்தால், அந்த ரிப்போர்ட்டின் நகல் அவன் கைக்கும் போகும்.

இனி வாக்குமூலம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112ஆம் பிரிவின்படி, கேட்டதற்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே சொல்லுங்கள். எழுதியதை நீங்கள் பேசிய மொழியில் படித்துக்காட்டி, திருத்த இடம் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு சப்பீனா வந்தால் கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும். அங்கும் மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமிழில் சாட்சி சொல்லலாம்.

சாட்சிக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்பீர்கள். தனியார் துப்பறிவாளர் பி. பாலசுப்பிரமணியத்தைப் பலருக்கு நினைவிருக்கும். மங்கோலியப் பெண் அல்தான்துயாவின் கொலை தொடர்பாக 2008 ஜூலை 3 அன்று சத்தியப் பிரமாணம் வெளியிட்டார். மறுநாளே அதை மறுத்து இன்னொன்று வந்தது. பிறகு குடும்பத்தோடு நாட்டைவிட்டே போய்விட்டார். அடுத்த ஆண்டு, 2009இல், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. உயிருக்கு ஆபத்துள்ள சாட்சியை வேறிடத்தில் குடியமர்த்தவும் புது அடையாளம் தரவும் அதில் வழி உண்டு. ஆனால் வேலை, பள்ளி, சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டிவரும். கேட்ட எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. மிரட்டல் முற்றினால் விசாரணை அதிகாரியிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட்டுகள்தான் அப்போது ஆதாரம்.

கோயில் கமிட்டி சமாதானம் பேசலாம். வழக்கை மூட முடியாது. ஆயுதத்தால் கொடுங்காயம் செய்தது தண்டனைச் சட்டம் 326ஆம் பிரிவில் வரும். 20 ஆண்டு வரை சிறை உள்ள குற்றம். வழக்கை நடத்துவது அரசாங்கம்.

எதிர்வீட்டாரிடமும் மூன்று விஷயம் சொல்லுங்கள். ரிப்போர்ட் செய்து 4 வாரம் கழிந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று ரிப்போர்ட் செய்தவர் கேட்கலாம். 2 வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவு. குற்றம் நிரூபணமானால், தண்டனைக்கு முன் தங்களுக்கு நேர்ந்த பாதிப்பை நீதிபதியிடம் சொல்லலாம், அது அதே சட்டத்தின் 183ஏ பிரிவு. நஷ்டஈடு வேண்டுமென்றால் அதே சட்டத்தின் 426ஆம் பிரிவின் கீழ் மனுப் போடும்படி அரசு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். மருத்துவமனை ரசீதுகளை இப்போதே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.