வாய்தா வாங்கும் கோட்டைகள்

அன்புள்ள தம்பி,

உங்கள் நாவலின் கைப்பிரதியைப் படித்து முடித்தேன். இல்லாத ஒரு பேரரசுக்குப் பதினோரு தலைமுறை வம்சாவளி, மூன்று தலைநகரங்கள், வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்த 27 கோட்டைகள். உழைப்பு தெரிகிறது. உரையாடலும் உங்களுக்குக் கைவந்திருக்கிறது. பதிலைப் பத்திரிகையிலேயே எழுதலாம் என்று சொல்லிவிட்டீர்கள். இதே வேலையில் இறங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேரரசில் போர் ஏன் மூள்கிறது? சித்தப்பா கெட்டவர், அதனால். சக்கரவர்த்தி கண்மூடிய இரவே பால் கிண்ணத்தில் நஞ்சு விழுகிறது. இளவரசன் தப்புகிறான். அதன் பிறகு அறுநூறு பக்கம் ரத்தம். சித்தப்பா கொஞ்சம் நல்லவராக இருந்திருந்தால் நாவல் முதல் நாற்பது பக்கத்திலேயே முடிந்திருக்கும். ஒரு ஆளின் குணத்தின் மேல் ஒரு பேரரசின் போரைத் தூக்கி வைத்தால் அது நிற்காது.

வாரிசுப் போர் என்பது அடியில் ஒரு சொத்து வழக்கு. இரண்டு தரப்பிடமும் பத்திரம் இருக்கவேண்டும். இரண்டும் செல்லும் என்று நடுவிலிருப்பவனுக்குத் தோன்றவேண்டும். கோட்டை அந்த வழக்கில் வாங்குகிற வாய்தா. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கு உதாரணம்.

1120 நவம்பர் 25-ஆம் தேதி இரவு, நார்மண்டியின் பார்ஃப்ளூர் துறையிலிருந்து கிளம்பிய 'வெள்ளைக் கப்பல்' பாறையில் மோதி மூழ்கியது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் முறையான ஒரே மகன் வில்லியம் அதில் போனார். கரை சேர்ந்தவர் ரூவான் நகரத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் மட்டும். மன்னரின் சகோதரி மகன் ஸ்டீபனும் அந்தக் கப்பலில் ஏறியவர்தான். வயிற்றுப்போக்கு என்று கிளம்புமுன் இறங்கிவிட்டதாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். (நீங்களோ நானோ இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.)

மகன் போனபின் ஹென்றி தன் மகள் மட்டில்டாவை வாரிசு என்றார். 1127-இல் பிரபுக்களைக் கூட்டி அதற்குச் சத்தியமும் வாங்கினார். ஸ்டீபனும் சத்தியம் செய்தார். 1135 டிசம்பர் 1-ஆம் தேதி ஹென்றி இறந்தார். 22-ஆம் தேதி முடி ஸ்டீபன் தலையில் இருந்தது. இப்போது இரண்டு தரப்பையும் கேளுங்கள். மட்டில்டாவிடம் தந்தையின் விருப்பமும் பிரபுக்களின் சத்தியமும் இருந்தன. ஸ்டீபனிடம் திருச்சபையின் கையால் பூசிய எண்ணெய் இருந்தது. மன்னர் மரணப் படுக்கையில் அந்தச் சத்தியத்திலிருந்து எங்களை விடுவித்துவிட்டார் என்று சொல்லச் சாட்சியும் இருந்தது. மட்டில்டாவின் கணவர் வீடு நார்மண்டிக்குப் பரம்பரைப் பகை என்ற பிரபுக்களின் அச்சம் வேறு. ஸ்டீபன் கெட்டவர் இல்லை. பலரும் அவரை இளகிய மனதுக்காரர் என்றே எழுதியிருக்கிறார்கள். நாடு பதினெட்டு வருடம் சீரழிந்தது, இருந்தும்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் கற்பனைக் கண்டமான வெஸ்டரோஸின் டார்கேரியன் வம்சத்துக்குள் மூட்டிய உள்நாட்டுப் போருக்கு விதை இந்த வழக்குதான். நீங்கள் அவருடைய ரசிகர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் டிராகனை எடுத்துக்கொண்டு வழக்கை விட்டுவிட்டீர்கள். 2018-இல் வந்த 'ஃபயர் அண்ட் ப்ளட்' நூலை இந்தக் கண்ணோடு இன்னொரு முறை படியுங்கள். அந்தப் பேரரசின் 101-ஆம் ஆண்டில் ஒரு மாமன்றம் கூடி, பெண் வழி வாரிசை ஒதுக்கி விசேரிஸைத் தேர்ந்தெடுக்கிறது. 105-இல் அதே விசேரிஸ் தன் மகள் ரெனீராவை வாரிசாக அறிவித்துப் பிரபுக்களிடம் சத்தியம் வாங்குகிறார். தன்னை அரியணையில் ஏற்றிய தீர்ப்பையே மனிதர் செல்லாமல் ஆக்குகிறார்! பிற்பாடு அவருக்கு ஒரு மகனும் பிறக்கிறான். இனி யார் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. போர் வந்தே தீரும்.

டோல்கீன் இதை இன்னும் சிக்கனமாகச் செய்தார். கோண்டோர் அரசின் உறவுப் போர் அவருடைய நாவலின் பின்னிணைப்பில் சில பத்திகள்தான். அரசனின் தாய் வடநாட்டுப் பெண், அவன் ரத்தம் சுத்தமா என்பதே அங்கே கேள்வி. முறை தெளிவாக இருந்துவிட்டால் சண்டை வராதே என்று கேட்பீர்கள். உஸ்மானியப் பேரரசைப் பாருங்கள். மூத்தவனுக்கே பட்டம் என்ற விதி அங்கே இல்லை. முந்துகிறவனுக்கு அரியணை, மற்றவர்களுக்குச் சுருக்குக் கயிறு. 1595-இல் மூன்றாம் மெஹ்மத் பட்டம் ஏறியபோது அவருடைய 19 சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள். அது கொடூரம், ஆனால் அதுதான் அங்கே முறை. ஆகவே முதலில் உங்கள் பேரரசின் வாரிசு முறையை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். அதில் எந்த வரியை இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று தேடுங்கள். கதை அங்கேதான் இருக்கிறது.

இனி கோட்டை. உங்கள் நாவலில் ஏழு கோட்டைகள் விழுகின்றன. ஐந்து ஒரே இரவில், சுரங்கப்பாதை வழியாக. நம் தொடர்கதை மரபில் சுரங்கம் இல்லாத கோட்டையைக் கட்ட எந்தச் சிற்பியும் துணிந்ததில்லை. ரசமான மரபுதான். ஆனால் கோட்டை ஒரே இரவில் விழுந்துவிட்டால் அதைக் கட்டியதே வீண். தோற்கிற தரப்பு நாளைக் கடத்தத்தான் மதில் எழுப்புகிறது. அதற்குள் மழை வரலாம், எதிரிப் படையில் பேதி பரவலாம், மாமனார் படையோடு வரலாம், எதிராளியே செத்தும் போகலாம். 1142-இல் ஸ்டீபன் ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையை வளைத்தார், உள்ளே மட்டில்டா. மூன்று மாதத்தில் உணவு தீர்ந்தது. டிசம்பர் பனியில், வெள்ளைத் துணி போர்த்திய சில வீரர்களோடு, உறைந்த ஆற்றின் மேல் நடந்து அவர் வெளியேறிவிட்டார். கோட்டை போயிற்று. வழக்கு அப்படியே இருந்தது.

உங்கள் மலைக்கோட்டையில் ஐயாயிரம் பேர் இருக்கிறார்கள். தண்ணீர் யார் சுமக்கிறார்? 1284-இல் முதலாம் எட்வர்ட் வேல்ஸில் கட்டிய கான்வி கோட்டைக்கு ஒதுக்கிய காவல் மொத்தம் 30 பேர். அதில் குறுக்குவில்காரர்கள் 15. மற்றவர்களில் ஒரு தச்சர், ஒரு கொல்லர், ஒரு கல்தச்சர், ஒரு பாதிரியார். எட்டு பெரிய கோபுரங்கள் உள்ள கோட்டைக்கு இவ்வளவுதான் ஆள். மதில் ஒழுங்காக இருந்தால் ஆள் குறைவாகப் போதும். ஆள் குறைந்தால் வாயும் குறைவு, தானியம் நீடிக்கும். ஐயாயிரம் பேரை உள்ளே அடைத்தீர்களானால் எதிரி ஒரு கல்கூட எறியவேண்டியதில்லை.

அதே எட்வர்டின் கோட்டைத் தலைமைச் சிற்பி, செயின்ட் ஜார்ஜ் ஊர் ஜேம்ஸ், 1296 பிப்ரவரியில் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பியூமாரிஸ் கோட்டை வேலை நடந்துகொண்டிருக்கிறது. கல்தச்சர்கள் 400, சிற்றாட்கள் 2,000, வண்டிகள் 100, கல்லும் கரியும் கொண்டுவரப் படகுகள் 30, வாரம் 250 பவுண்டாவது வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார். சம்பள பாக்கி ஏறிவிட்டது, சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஆட்கள் நிற்க மாட்டேன் என்கிறார்கள் என்றும் புலம்புகிறார். பணம் ஸ்காட்லாந்துப் போருக்குப் போயிற்று. பியூமாரிஸ் இன்றுவரை முடிக்கப்படாத கோட்டை. உங்கள் 27 கோட்டைகளில் ஒன்றுகூடப் பாதியில் நிற்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

விழுவதிலும் விதம் உண்டு. 1215-இல் ஜான் மன்னர் ராசெஸ்டர் கோட்டையின் பெருங்கோபுரத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டி, மரத்தூண்களால் முட்டுக்கொடுத்தார். பிறகு சாப்பிடத் தகாத, கொழுத்த பன்றிகள் 40 அனுப்பச் சொல்லி ஓலை எழுதினார். அந்தக் கொழுப்பு தூண்களோடு சேர்ந்து எரிந்தது. கோபுரத்தின் ஒரு மூலை சரிந்தது. அப்படியும் உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தின் நடுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிப் போராடினார்கள். கடைசியில் பணிய வைத்தது பசி. சரிந்த மூலையைப் பின்னால் வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்று மூலையும் சதுரம், அது மட்டும் உருண்டை, இன்றும் பார்க்கலாம். ஆக்ராவில் 1658-இல் வேறு கதை. அண்ணன் தாராவைச் சாமுகரில் தோற்கடித்துவிட்டு வந்த ஔரங்கசீப், யமுனைத் தண்ணீர் உள்ளே போகும் வாசலைப் பிடித்தார். கோட்டைக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். ஜூன் மாத ஆக்ரா வெயில். உலகத்திலேயே பெரிய செல்வந்தர்களில் ஒருவரான ஷாஜகான் சில நாட்களில் கதவைத் திறந்துவிட்டார்.

வாய்தாவுக்கான கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. பிரான்ஸில் காயார் கோட்டையை 1203-04 குளிர்காலத்தில் ஃபிலிப் மன்னர் முற்றுகையிட்டபோது, கீழே இருந்த ஊர்க்காரர்கள் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். தளபதி ரோஜர் டி லேசி இருப்பைக் கணக்குப் பார்த்தார். சண்டைக்கு உதவாத வாய்கள் வெளியே அனுப்பப்பட்டன. முதலில் போனவர்களை எதிரி வழிவிட்டு அனுப்பினான். பின்னால் வந்தவர்களை விடவில்லை. கோட்டைக் கதவும் மறுபடி திறக்கவில்லை. மதிலுக்கும் முற்றுகை வளையத்துக்கும் நடுவில் அந்த மக்கள் குளிரில் பட்டினி கிடந்தார்கள். உங்கள் தளபதி வீரவசனம் பேசும் அத்தியாயத்தில் இந்தக் கணக்கை அவரைப் போட வையுங்கள்.

இதற்கெல்லாம் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போகத் தேவையில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அடைபட்ட கோட்டையைக் காப்பதற்கு நொச்சி, வளைப்பதற்கு உழிஞை என்று தனித் திணையே வகுத்த மொழியில் எழுதுகிறீர்கள். புறநானூற்றில் சோழனும் சோழனும் மோதுகிறார்கள்: நலங்கிள்ளி வெளியே, நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள். கோவூர்கிழார் உள்ளே இருப்பவனிடமே போய்ப் பேசுகிறார். கவளமும் குளிப்பாட்டலும் இல்லாமல் யானைகள் பெருமூச்சு விடுவதையும், பாலில்லாமல் குழந்தைகள் அழுவதையும், பெண்கள் பூவில்லாத வெறுங்கூந்தலை முடிவதையும் எடுத்துச் சொல்லி, கொடுப்பதானால் கதவைத் திறந்து கொடு, போரிடுவதானால் திறந்து போரிடு என்கிறார். உள்ளே அமர்ந்து நாள் கடத்துவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பிறகு உறையூர் முற்றுகை. இருவர் சூடியதும் அதே ஆத்தி மாலை, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்கிறார். இளந்தத்தன் என்ற புலவர் அந்தக் கோட்டைக்குள் வந்தபோது ஒற்றன் என்று சந்தேகித்து நெடுங்கிள்ளி கொல்லப் போனான். கோவூர்கிழார்தான் பரிந்து பேசினார். அடைபட்ட ஊரில் முதலில் செத்துப்போவது நம்பிக்கை என்பதற்கு இதைவிடக் காட்சி வேண்டுமா? உங்கள் நாவலில் சந்தேகமே இல்லை. எல்லாரும் எல்லாரையும் சரியாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

ஒரு தடவை செஞ்சிக்குப் போய்விட்டு வாருங்கள். 1690-லிருந்து 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகார் கானை இழுத்தடித்த கோட்டை. உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் கடைசியில் தப்பியும் விட்டார். மூன்று மலை, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். வெயிலேறுமுன் ராஜகிரியில் ஏறுங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பிளவு, அதன் மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. கீழே நெற்களஞ்சியங்களைப் பாருங்கள், குளங்களைப் பாருங்கள். கையில் ஒரு குடம் தண்ணீரோடு ஏற முடியுமா என்று யோசித்துக்கொண்டே ஏறினால் உங்கள் பதினான்காம் அத்தியாயம் தானாகவே மாறிவிடும்.

கதை சொல்கிறவர் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் அறிந்த குரலில் வரலாற்றைச் சொல்கிறீர்கள். மார்ட்டின் 'ஃபயர் அண்ட் ப்ளட்' நூலில் அரண்மனைக் கோமாளி ஒருவன், சமயகுரு ஒருவர், அறிஞர் ஒருவர் என்று ஒருவரையொருவர் மறுக்கும் சாட்சிகளை வைத்தே நடத்துகிறார். வழக்கு என்றால் சாட்சி பொய் சொல்லத்தான் செய்யும். முழுக்க அப்படி மாற்றவேண்டாம். அரசவைப் புலவரின் மெய்க்கீர்த்தி ஒரு பக்கம், அதே நிகழ்ச்சிக்குத் தானியக் கிடங்குக் கணக்கு ஒரு பக்கம் என்று இரண்டு இடத்தில் செய்தால் போதும்.

உங்கள் முடிவில் ஒரு மாபெரும் சமவெளிப் போர் வருகிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நம்பவில்லை. 1153-இல் வாலிங்ஃபோர்டில் இரண்டு படையும் எதிரெதிரே நின்றன. பிரபுக்கள் சண்டை போட மறுத்தார்கள். யார் ஜெயித்தாலும் ஜெயித்தவர் தங்கள் தலையில் ஏறுவார் என்று அவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளில் ஸ்டீபனின் மகன் யூஸ்டேஸ் இறந்தான். சாகும்வரை ஸ்டீபன் மன்னர், பிறகு மட்டில்டாவின் மகன் ஹென்றி என்று சமரசம் எழுதினார்கள். மறு வருடமே ஸ்டீபன் காலமானார். வழக்கு கோர்ட்டுக்கு வெளியே முடிந்துவிட்டது. உங்கள் பிரபுக்கள் முப்பது வருடமாகச் சலிக்காமல் சண்டை போடுகிறார்கள். அவர்கள் வயலில் அறுவடை யார் செய்கிறார்கள்?

முழுவதையும் திருத்தி அனுப்பவேண்டாம். வரைபடத்தில் இருபது கோட்டைகளை அழித்துவிடுங்கள்; மிச்சம் ஏழுக்கும் நெல் எந்த வழியாக வருகிறது என்று குறியுங்கள். பால் கிண்ணத்தை எடுத்துவிட்டு, சித்தப்பா தன் உரிமையைச் சபையில் எடுத்துரைக்கும் பத்துப் பக்கம் எழுதுங்கள். அதைப் படித்து நான் அவர் பக்கம் சாயவேண்டும். அந்தப் பத்துப் பக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும். தீபாவளி மலர் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கார்த்திகை பிறந்தபின் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்