பஸ்ஸைப் பார்த்துப் பலகாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் தெருக்காரர்கள் கொடைக்கானல் போகிற பஸ்ஸுக்குத் தீனிப் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று உன் அப்பா போனில் சொன்னான். நீ எழுதியனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். சிப்ஸ், முட்டை போண்டா, சுண்டல், தேங்காய்ச் சட்னியோடு இட்லி, தக்காளிச் சாதம், ஆளுக்கு இரண்டு சின்னத் தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தின்ன இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மலையேறுகிற பஸ்ஸில் இதில் பாதி ஆகாது.

எல்லோருக்கும் எது பிடிக்கும் என்று கேட்டுப் பட்டியல் போட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியை அப்புறம் வைத்துக்கொள். யாருக்கு எது ஆகாது என்று முதலில் கேள். நாற்பத்தெட்டுப் பேரில் எத்தனை பேர் சர்க்கரைக்காரர்கள், அதில் இன்சுலின் போடுகிறவர்கள் யார், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், வேர்க்கடலை தின்றால் உடம்பு தடிக்கிறவர்கள் உண்டா, வளைவு கண்டாலே வாந்தி எடுப்பவர்கள் யார் யார். இதை ஒரு தாளில் எழுதிவிட்டால் உன் பட்டியல் தானாகவே சுருங்கும். நன்றாக இருக்கிறவர்கள் எதைக் கொடுத்தாலும் சமாளித்துக்கொள்வார்கள். பயணம் கெடுவது ஆகாதவர் ஒருவரால்தான். அவருக்காக பஸ் நிற்கும், எல்லோரும் இறங்கி நிற்பார்கள்.

வாந்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், கொடைக்கானல் பாதையில் அதுதான் பெரிய விஷயம். பஸ் வளைந்து திரும்புவதைக் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையோ கையிலிருக்கும் போனையோ பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த இரண்டு தகவலும் ஒத்துப்போகாததால்தான் வயிறு புரட்டுகிறது. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரம் நிரம்பிய வயிறும் ஆகாது. எனவே காலைச் சாப்பாட்டை மதுரை தாண்டியதுமே முடித்துவிடு. ஆளுக்கு மூன்று நான்கு இட்லி போதும். வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் மலைப்பாதை தொடங்கும்போது சாப்பிட்டு முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அங்கிருந்து மேலே போய்ச் சேரும்வரை பஸ்ஸுக்குள் எண்ணெய்ப் பண்டம் எதையும் பிரிக்க விடாதே. முட்டை போண்டாவை நான் அடித்துவிட்டதற்கு ருசி காரணமில்லை. ஜன்னல் மூடிய ஏ.சி. பஸ்ஸில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்தால் அந்த வாடை கடைசி சீட்டுவரை போகும். அவித்த முட்டைக்கும் சிக்கன் 65க்கும் பலாச்சுளைக்கும் இதே நியாயம்தான்.

மலையேறுகிற அந்த இரண்டு மணி நேரத்துக்கு இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய் மட்டும் கையில் வைத்துக்கொள். இஞ்சி எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன், சிலருக்கு நன்றாகக் கேட்கும். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு, மலையேறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்த பிறகு விழுங்கினால் அது வெளியேதான் வரும். இப்படிப்பட்டவர்களை முன் சீட்டில் உட்காரவைத்துத் தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல். போனைப் பிடுங்கி வை.

இனி இட்லி. தேங்காய்ச் சட்னியை விட்டுவிடு. ராத்திரி அரைத்தது விடிவதற்குள் ஊசிப்போகும், ஊசாவிட்டாலும் குலுங்கிக் கொட்டும். இட்லியை ஆறவிட்டு, இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி, வாட்டிய வாழை இலையில் நான்கு நான்காக மடித்துக்கொள். சூட்டோடு மடித்தால் ஆவி உள்ளேயே நீராகத் தங்கி இட்லி நொசநொசத்துவிடும். மேலே செய்தித்தாள் சுற்றாதே. அச்சு மை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்தப் பழக்கம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வாழைநார் போட்டுக் கட்டினால் போதும்.

மத்தியானத்துக்குத் தக்காளிச் சாதம் எழுதியிருக்கிறாய். விடிகாலை மூன்று மணிக்குக் கிளறி மத்தியானம் ஒரு மணிக்குத் தின்னப்போகிற சாதம் அது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மூடிய தூக்குவாளிக்குள் சோறு நாள் முழுக்க அந்தச் சூட்டில்தான் இருக்கும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் பயணத்துக்குப் புளியோதரையைக் கட்டிக்கொண்டு போனது இதனால்தான். புளிப்பு ஏறிய இடத்தில் இந்தக் கிருமிகள் எளிதில் வளர்வதில்லை. ஆனால் புளிக்காய்ச்சல் கெட்டியாக, ஒவ்வொரு பருக்கையிலும் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். நிறத்துக்காக ஒரு கரண்டி விட்டுக் கிளறினால் அது மஞ்சள் சோறுதான். சோற்றை அகலத் தாம்பாளத்தில் கொட்டி விசிறி, நன்றாக ஆறிய பிறகு கலக்கு. கூடவே தயிர்ச்சாதமும் செய்துகொள். அதற்கு, குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, நல்ல உறைதயிர் இரண்டு கரண்டி சேர்த்தால் போதும், வழியிலேயே உறைந்து மத்தியானம் பதமாக இருக்கும். வெங்காயமும் மாதுளையும் அப்போது போட்டுக்கொள்ளலாம். சம்படத்தில் கால் பாகம் காலியாக விடு, மூடியை இறுக்காதே. உறைகிறபோதும் லேசாக வாயு கிளம்பும், மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தமும் குறையும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிப்ஸ் பொட்டலம் மலையில் பலூனாக ஊதுவதும் இதனால்தான். சாயங்காலத்துக்கு மிச்சம் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, இரண்டு சாதமும் மத்தியானமே தீர வேண்டும்.

சுண்டலைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஈரப்பண்டம், சீக்கிரம் கெடும். மூடிய பஸ்ஸில் நாற்பத்தெட்டுப் பேரும் சுண்டல் தின்றால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.

உலர்ந்த பண்டங்களுக்குப் பயமில்லை. முறுக்கு, தட்டை, காராச்சேவு, கடலைமிட்டாய் இவற்றில் ஈரமே இல்லை, கிருமிக்கு வேலையில்லை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இலும் மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமையை பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் பாளையங்கோட்டையில் நாலு மணிக்குக் கிளம்பினால் கோவில்பட்டியையும் சாத்தூரையும் கடைகள் திறக்கும் முன்பே கடந்துவிடுவீர்கள். கடலைமிட்டாயையும் சேவையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடு. மலைப் பனியில் முறுக்கு நமுத்துப்போகும், மிட்டாய் பிசுபிசுக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே பெரிய டின்னில் கொட்டாமல், ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்ன டின்களில் போட்டு வை.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுக்கடலை, சீடை, கடலைமிட்டாய் கொடுக்காதே. வாயில் போட்டிருக்கும்போது டிரைவர் பிரேக் போட்டால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். அவர்களுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வைத்துக்கொள். வாழைப்பழம் பல் இல்லாத பெரியவர்களுக்கும் ஆகும். வெட்டிய பழம் எங்கும் வாங்க வேண்டாம். கொய்யாவும் ஆரஞ்சும் வீட்டிலேயே கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போ.

சர்க்கரைக்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அப்போது கடலைமிட்டாய் கொடுத்துவிடாதே. அதிலுள்ள எண்ணெய்ச்சத்து சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். தம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடு. பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு இட்லியோ பிஸ்கட்டோ. பேச்சு குழறி நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சர்க்கரைப் பொட்டலம் ஒன்று உன் தோள்பையிலேயே இருக்கட்டும், டிக்கியில் வைக்காதே.

தண்ணீர் பாட்டில் கணக்கும் மாற வேண்டும். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது. கொண்டு போனால் வழியில் சோதித்து வரி போடுவார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் வீதம் இருபது லிட்டர் கேன் ஐந்து ஏற்றிக்கொள். அவரவர் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரட்டும். பஸ்ஸுக்கு இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று உன் அப்பாவிடம் கேள், 2024 மே மாதத்திலிருந்து அது வேண்டும்.

இன்னொன்று, ஆண்கள் பட்டியல் போட்டால் இது ஞாபகம் வராது. வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்று நம் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அந்த நிலையில் உப்பும் காரமும் தூக்கலான சேவைக் கொடுத்தால் தலைவலியும் மயக்கமும்தான் மிச்சம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று டிரைவரிடம் முன்பே பேசிவை. தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள் என்று அந்த நிறுத்தத்தில் சொல். சேவு மாலைக்குப் போகட்டும், காலையில் பழம்.

டிரைவரையும் கிளீனரையும் சேர்த்து ஐம்பது பேராகக் கணக்குப் போடு. டிரைவருக்கு முதலில் கொடு, மலையேறும் முன் வயிறு முட்டக் கொடுக்காதே. வெள்ளி அருவியில் நிறுத்தினால் தீனிப் பையோடு யாரும் இறங்கக் கூடாது, கதவையும் சாத்திவிட வேண்டும். அங்கே குரங்குகள் பையைப் பார்த்தே வரும். பிள்ளைகள் ஆசைக்குத் தூக்கிப் போடுகிற ஒரு முறுக்கால்தான் அவை ரோட்டோரத்திலேயே கிடந்து வண்டியில் அடிபடுகின்றன.

அளவு சொல்லிவிடுகிறேன். இட்லி இருநூறு. புளியோதரைக்கு அரிசி நாலு கிலோ, தயிர்ச்சாதத்துக்கு இரண்டு கிலோ. உலர் பலகாரம் எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோ, அதற்கு மேல் வேண்டாம். பழம் ஆளுக்கு மூன்று. குப்பைக்குப் பழைய அரிசிச் சாக்கு இரண்டு, வாந்திக்குக் காகிதப் பை ஒரு கட்டு. இட்லிப்பொடி நான் இடித்து வெள்ளிக்கிழமை காலை உன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நல்லெண்ணெய் ஒன்றரை லிட்டர் நீ வாங்கிவிடு. வாழை இலையை வியாழக்கிழமையே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது, முகூர்த்த நாள்.

அன்புடன்,
அத்தை