மிலான் மாநகர்ச் செலவு

செலவு என்னுஞ் சொல்லுக்குப் போதல் என்பதே நம் முன்னோர் வழங்கிய பொருள். தலைவன் பொருள்வயிற் பிரியுங்காற் கூறப்படுஞ் செலவும் அதுவே. இக்காலத்து நம் நாவில் அச்சொல் கைப்பொருள் கழிதலையே பெரிதுங் குறிக்கின்றது. அயல்நாடு காணப் புறப்படுவோர் இவ்விரு பொருளையும் ஒருங்கே எண்ணுதல் வேண்டும். போவது எவ்வளவு, கழிவது எவ்வளவு, திரும்பிவருங்கால் நம்மோடு வருவது யாது என்னும் இம்மூன்றனுக்கும் விடை கண்டபின்னரே மூட்டை கட்டத் தொடங்குதல் அறிவுடைமையாம்.

நெமிலிச்சேரி ரயில் நிலையத்தின் கற்பலகையில் மாலை வண்டியை எதிர்நோக்கி அமர்ந்திருந்த நாம் சிலர், ஒருநாள் இத்தாலி தேசத்திற்கு விடுமுறைச் செலவு ஒன்று வகுக்கத் தலைப்பட்டோம். முதலில் எழுதிய திட்டம் ஏழு நாளில் நான்கு நகரங்களைக் காண்பதாக இருந்தது. அதனைப் பார்த்த மூத்த நண்பரொருவர், "ஐயா, இதில் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டுங் கூட்டிச் சொல்லுங்கள்" என்றார். கூட்டிப் பார்த்தோம். நகரங்களைக் காணும் நேரத்தினும் நிலையங்களைக் காணும் நேரமே மிகுந்திருந்தது. நான்கு நகரை ஒன்றாக்கினோம். அவ்வொன்றாக மிலானைத் தேர்ந்தோம். அத்தேர்வின் காரணங்களையும் பயனையும் நம் கல்லூரி மாணவர்க்கு உதவுமாறு ஈண்டுச் சுருங்க வரைவாம்.

நகரின் இயல்பு

மிலான் இத்தாலியின் வடபால் போ ஆற்றுச் சமவெளியில் உள்ளது; லொம்பார்தி மாநிலத்தின் தலைநகர். உரோமர் இதனை மெதியோலானும் என அழைத்தனர். கி.பி. 313-இல் கிறிஸ்தவ சமயத்தார்க்கு வழிபாட்டுரிமை நல்கிய உடன்பாடு இந்நகரின் பெயராலேயே வழங்குகின்றது. 387-இல் அகுஸ்தீனார் ஞானஸ்நானம் பெற்றதும் இங்கேதான்.

ஆடையணியிற் சிறந்த நகர் என்று இதனை உலகம் இன்று கொண்டாடுகின்றது. அப்புகழுக்கு வேர் பழைமையானது. இடைக்காலத்தில் மிலானின் கொல்லர் செய்த போர்க்கவசங்களை ஐரோப்பிய வேந்தர் விரும்பி வாங்கினர். அண்மையிலுள்ள கோமோ நகரம் பட்டுக்குப் பெயர்பெற்றது. மகளிர்க்குத் தொப்பி செய்வோரை ஆங்கிலத்தில் மில்லினர் என்பது மிலான் என்னும் பெயரின் வழிவந்ததே. அந்நகரின் நாடாவும் கையுறையும் விற்றோர்க்கு முதலில் வழங்கிய பெயர் அது. பிராதா நிறுவனம் 1913-இலும் அர்மானி நிறுவனம் 1975-இலும் இங்குத் தோன்றின. ஆதலின், கடைத்தெருவின் கண்ணாடிக்குள் மின்னும் ஆடையை மட்டுங் கண்டு மயங்குவோர் அந்நகரை முற்றக் கண்டவராகார். அதன் பின்னுள்ள கைத்தொழிலைக் காண்போரே கண்டவராவர். இது நமக்கு அரிதன்று. நம் பக்கத்து ஆவடியில் 1961-இல் நிறுவப்பெற்ற படைத்துறை ஆடைத் தொழிற்சாலையில் தைத்த கைகள் இவ்வட்டாரத்து வீடுகள் பலவற்றில் உள்ளன. தையலின் ஓட்டமும் மடிப்பின் நேர்மையும் அறிந்த கண்ணொன்று அயல்நாட்டுக் கடைவீதியில் எவர்க்குந் தாழ்ந்து நிற்க வேண்டுவதில்லை.

காலமும் ஆயத்தமும்

சித்திரை, வைகாசியும் புரட்டாசி, ஐப்பசியும் மிலான் செல்லத் தக்க காலம். மார்கழி, தை மாதங்களிற் குளிர் நீர் உறையும் அளவை நெருங்கும், மூடுபனியும் உண்டு. ஆடியில் வெயில் நம்மூர் வெயிலை நினைப்பூட்டும். ஆகஸ்டு 15-ஆம் நாளை ஒட்டி நகரத்தார் விடுமுறை கொண்டு வெளியூர் சென்றுவிடுவர். சிறு கடைகள் பல அடைபட்டுக் கிடக்கும். ஏப்ரலில் நிகழும் அறைகலன் பொருட்காட்சி நாட்களிலும், பிப்ரவரி, செப்டம்பர் மாதங்களின் ஆடையணிக் காட்சி வாரங்களிலும் விடுதி வாடகை பன்மடங்கு ஏறும். அந்நாட்களைத் தவிர்த்தலே சிக்கனத்தின் முதற்படி.

இத்தாலி ஷெங்கன் நாடுகளுள் ஒன்றாதலின் நமக்கு விசா வேண்டும். புறப்படும் நாளுக்கு ஆறு மாதத்திற்கு முன்னிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளுக்கு முன்னரேனும் விண்ணப்பித்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும், தங்குமிடச் சான்றும், கைப்பொருட் சான்றுங் காட்டல் வேண்டும். இக்கடிதங்களைச் சேர்ப்பதிற் காட்டும் பொறுமையே செலவின் பாதி வெற்றி. மால்பென்சா விமான நிலையம் நகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சேய்மையது; அங்கிருந்து ரயில் உண்டு. ஆதலின் வாடகைக் காருக்குப் பெரும்பொருள் இறைக்க வேண்டுவதில்லை.

காணத் தக்கவை

நகரின் நடுவே பெருங்கோயில் நிற்கின்றது. துவோமோ என்பது அதன் வழக்குப் பெயர். 1386-இல் தொடங்கிய அத்திருப்பணியில் இறுதி வாயிற்கதவு பொருத்தப்பெற்றது 1965-இல். ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு! கந்தோலியாக் குன்றின் இளஞ்சிவப்பு வெண்பளிங்கை ஏரி வழியும், ஆற்று வழியும், நவில்யோ என்னுங் கால்வாய் வழியும் படகிலேற்றிக் கொணர்ந்தனர். கோபுரங்கள் 135, சிற்பங்கள் மூவாயிரத்திற்கு மேல். உச்சியில் 1774-இல் நிறுவிய பொன்முலாம் பூசிய மரியன்னை உருவம் 108 மீட்டர் உயரத்தினின்று ஊரை நோக்குகின்றது. மேற்றளத்தின்மீது நடந்து செல்லலாம். படியேறுவோர்க்குக் கட்டணங் குறைவு. உட்புகுவோர் தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்தல் வேண்டும். நம்மூர் வழக்கறிந்தார்க்கு இது புதிதன்று.

அதன் பக்கத்தே கண்ணாடிக் கூரையிட்ட கடைவீதி உண்டு. அதனை வகுத்த மெங்கோனி என்னுஞ் சிற்பி, பணி முடியுந் தறுவாயில், 1877 டிசம்பர் 30-இல் சாரத்தினின்று வீழ்ந்து மாண்டார். அழகிய கூரையின்கீழ் நின்று பொருள் வாங்குவோர் பலர் இதனை அறியார்.

மூன்றாவது, லியொனார்தோ டா வின்சி 1495 முதல் 1498 வரை வரைந்த கடை இராவுணவு ஓவியம். சாந்தா மரியா தெல்லே கிராத்சியே மடத்து உணவறைச் சுவரில் அஃது உள்ளது. ஈரச் சுண்ணத்தின்மேல் விரைந்து தீட்டும் பழமுறையை அவர் விடுத்து, உலர்ந்த சுவரின்மேல் ஆற அமர வரைந்தார். நினைத்தவாறு திருத்தித் திருத்தி வரைய அஃது உதவிற்று. ஆயின் வண்ணம் சுவரைப் பற்றாமல் அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிற்று. 1943 ஆகஸ்டில் குண்டு வீழ்ந்து அவ்வறையின் கூரை தகர்ந்தபோதும், மணல்மூட்டை அடுக்கிக் காத்திருந்தமையால் அச்சுவர் நின்றது. இருபதாண்டுக்கு மேற்பட்ட செப்பனிடல் 1999-இல் முடிந்தது. சிறு சிறு குழுவாகவே உள்ளே விடுவர். ஒரு குழுவுக்குப் பதினைந்து நிமிடமே. திங்கட்கிழமை திறவார். பல வாரங்களுக்கு முன்னரே சீட்டுப் பதிவாகிவிடுமாதலின், முதலில் இச்சீட்டைப் பெற்று, அதற்கேற்பவே ஏனைய நாட்களை வகுத்தல் வேண்டும்.

ஸ்போர்சா கோட்டையில் மிக்கேலாஞ்சலோ தம் இறுதி நாள்வரை செதுக்கி முடியாது விட்ட சிலையும், பிரேரா ஓவியச்சாலையும், 1778-இல் திறந்த லா ஸ்காலா இசையரங்கும் எஞ்சிய நாட்களுக்கு உரியன.

உணவு

போ ஆற்று வெளி நெல் விளையும் நிலம். அரிசியைக் குங்குமப்பூவோடு வேகவைக்கும் ரிசோத்தோ மிலானின் ஊர்ப்பண்டம். நம் பொங்கலைப் போன்று குழைந்திருப்பினும், எலும்பின் மச்சையும் இறைச்சிச் சாறுஞ் சேர்ப்பது பழைய முறையாதலின், மரக்கறியுணவினர் கேட்டுத் தெளிந்து உண்க. காப்பியை நின்றுகொண்டே அருந்தினால் விலை குறைவு. மேசையில் அமர்ந்தால் கூடுவதுண்டு.

ஒரு நாட் பயணம்

ஐந்து நாளுள் ஒன்றை எதற்கு ஒதுக்குவது என்பதில் நம்முள் வழக்கு நிகழ்ந்தது. ஒருவர் மொந்தே நாப்போலியோனே என்னும் ஆடைத்தெருவுக்கே அந்நாள் முழுதும் வேண்டுமென்றார். மற்றொருவர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்றார். யாவரும் விழித்தோம். வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த ஊர் அது.

மிலானிலிருந்து வெனிசுப் பாதையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ரயிலிற் சென்று தெசென்சானோவில் இறங்கினால், அவ்வூர் சில கிலோமீட்டர்த் தொலைவே. அங்குப் பிறந்தவர் கடல் கடந்து வந்து, நம் மொழியை எழுத்தெழுத்தாகக் கற்று, தேம்பாவணி பாடி, 1732-இல் சதுரகராதி தொகுத்து, மீண்டுந் தம்மூர் காணாமலே மறைந்தார். அவர் செலவுக்கு மீள்சீட்டு இல்லை. நாமோ ஐந்து நாளில் திரும்புவோம். சென்னைக் கடற்கரையில் அவர் சிலையைக் கடந்து பன்முறை சென்ற நாம், அவர் தெருவில் ஒருமுறையேனும் நடவாது மீளுதல் முறையோ?

அவ்வூர்க்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1859 ஜூன் 24-இல் அருகிலுள்ள சொல்பெரினோவில் நிகழ்ந்த போரிற் புண்பட்டோரை, இன்ன நாட்டார் என்று பாராமல் அவ்வூர் மகளிர் பேணினர். அதனைக் கண்டு உடனுழைத்த ஹென்றி டூனன் என்னும் ஜெனீவாக்காரர் எழுதிய நூலே செஞ்சிலுவைச் சங்கத்திற்கு வித்தாயிற்று. அச்சங்கத்தின் பொருட்காட்சிச்சாலை இன்றும் அங்குள்ளது. இவை கேட்டபின் வழக்குத் தீர்ந்தது. ஆடைத்தெருவுக்கு ஒரு மாலை. காஸ்திலியோனேக்கு ஒரு முழுநாள்.

முடிவுரை

நம் மாணவருட் பலர்க்கு இச்செலவு உடனே கைகூடாதென்பதை நாம் அறிவோம். இதனை வரையும் நமக்கும் இன்னுங் கைகூடவில்லை. ஆயினும் நெமிலிச்சேரிக்கு அடுத்த நிலையமாகிய திருநின்றவூரில் வாழ்ந்த பூசலாரை நினைக. கைப்பொருளின்மையால் அவர் அடிநிலை முதல் சிகரம் ஈறாகக் கோயிலொன்றை உள்ளத்திலேயே எழுப்பினார் என்றும், காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் அதனைத் தேடி வந்து வணங்கினான் என்றும் பெரியபுராணங் கூறும். கல்லும் மரமும் உள்ளத்திற் குறைவின்றிச் சேர்த்தமையே அவர் பணியின் சிறப்பு.

அவ்வாறே, நாள், வழி, விலை, வரலாறு யாவும் பிழையறத் தேடி வகுக்குஞ் செலவு, புறப்படுமுன்னரே பாதிப் பயன் தருவதாம். நாம் மிலானைப் பற்றிக் கற்கப் புகுந்து, நம் ஆவடித் தையற்காரரையும், கடற்கரையிற் கல்லாய் நிற்கும் முனிவரையும், அண்டை ஊர்ப் பூசலாரையும் முன்னினும் நன்கு அறிந்தோம். எஞ்சிய பாதிக்குப் பொருள் சேர்த்து வருகின்றோம். சேர்ந்தபின் கண்டவற்றை இவ்விதழிலேயே எழுதுவாம்.